காலி: கப்பல்கள் கைவிட்டதால் பிழைத்த கோட்டை

இலங்கையின் தலையாய துறைமுகம் என்று நூற்றாண்டுக் கணக்கில் பெயர் பெற்றிருந்த காலியில் இன்று பெரிய கப்பல்களைக் காண முடியவில்லையே, அந்தத் துறைமுகம் என்னவாயிற்று? கொழும்பில் கோட்டை என்ற பெயர் மட்டும் எஞ்சியிருக்க, காலியில் மதில் முழுவதும் எப்படி அப்படியே நிற்கிறது? ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பினால் போதுமா? இந்த மூன்றுமே கேட்கப்பட்ட கேள்விகள். முதல் இரண்டையும் தனித்தனியாகக் கேட்பவர்களே மிகுதி. ஆனால் இரண்டுக்கும் விடை ஒன்றுதான். துறைமுகம் கொழும்புக்குப் போய்விட்டதால்தான் காலிக் கோட்டை இடிபடாமல் தப்பியது. இது விளங்கவேண்டுமானால், காலிக்குக் கப்பல்கள் ஏன் வந்தன, வந்த கப்பல்களின் மாலுமிகள் ஏன் அஞ்சினார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் நடுவிலுள்ள கடல் ஆழமில்லாதது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை தொடரும் மணல்திட்டுகளைக் கடந்து பெரிய கலம் எதுவும் போக முடியாது. ஆகையால் அரபு நாட்டிலிருந்தோ மலபாரிலிருந்தோ புறப்பட்டு வங்காள விரிகுடாவுக்கும் மலாக்காவுக்கும் சீனத்துக்கும் போக எண்ணிய பாய்மரக் கப்பல் இலங்கையின் தென்முனையைச் சுற்றியே ஆகவேண்டியிருந்தது. அந்தத் தென்முனை தெவிநுவரை. அங்கிருந்து ஐம்பது கிலோமீற்றருக்கும் குறைவான தொலைவில், மேற்கே, தெற்கு நோக்கித் திறந்த ஒரு குடாவும், குடாவின் மேற்குப் பக்கத்தில் கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனையும் இருக்கின்றன. குடாதான் காலித் துறைமுகம், முனைதான் கோட்டை. சோளகம் (தென்மேற்குப் பருவக்காற்று) அடங்கி வாடை (வடகிழக்குப் பருவக்காற்று) எழும்வரை காத்திருக்கவும், குடிநீர் நிரப்பிக்கொள்ளவும், மேற்கிலிருந்து கொண்டுவந்த சரக்கைக் கிழக்கே போகும் கப்பலுக்கு மாற்றிவிடவும் வாய்ப்பான இடமாக அது இருந்தது.

1344ல் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, தெவிநுவரையைப் பார்த்துவிட்டுக் காலிக்கு வந்ததையும், அங்கே இப்ராகீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தமக்கு விருந்தளித்ததையும் எழுதியிருக்கிறார். அவர் காலத்தில் அது சிறிய ஊர்தான். ஆனால் ஐரோப்பியர் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அரபுக்கடல் வணிகர்கள் அங்கே வீடு கட்டி வாழ்ந்தார்கள் என்பதற்கு அவருடைய குறிப்பு சான்று. காலியின் வரலாற்றைப் போர்த்துக்கேயரிலிருந்து தொடங்கிச் சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஐரோப்பியர் இத்துறைமுகத்தை உண்டாக்கவில்லை, இருந்ததைக் கைப்பற்றினார்கள்.

இதற்கு இன்னும் உறுதியான சான்று ஒரு கல். தமிழ் வாசகர்கள் காலியைப் பற்றி வேறெதையும் அறியாவிட்டாலும் இந்தக் கல்லைப் பற்றி அறிந்திருக்கவேண்டும். சீனத்து மிங் பேரரசின் கடற்படைத் தளபதி செங் ஹே, 1409ஆம் ஆண்டு தேதி பொறித்த ஒரு கற்பலகையைச் சீனத்திலேயே செதுக்கித் தம் மூன்றாவது பயணத்தில் இலங்கைக்குக் கொண்டுவந்தார். அதில் மூன்று மொழிகள் இருக்கின்றன: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெவிநுவரைக் கோயிலில் எழுந்தருளியிருந்த தெனாவரை நாயனார் என்ற திருமாலுக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை செலுத்துகின்றன. ஆயிரம் பொன், ஐயாயிரம் வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய், விளக்குகள் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. மூன்று தெய்வங்களுக்கும் ஏறத்தாழ ஒரே அளவான காணிக்கை. எந்தத் தெய்வத்தையும் குறைத்து வைக்காத அந்த எச்சரிக்கையிலிருந்தே அத்துறைமுகங்களில் யார் யாருடைய ஆதரவு வணிகத்துக்கு வேண்டியிருந்தது என்பது தெரிகிறது. தமிழ் அங்கே வெறும் வழிபாட்டு மொழியாக இல்லை. இந்துமாக்கடல் வணிகத்தில் சீன அரசே மதித்துப் பயன்படுத்திய மொழியாக இருந்தது. செங் ஹே காணிக்கையோடு நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதே பயணத்தில் அவர் உள்நாட்டு ஆட்சியாளரான அழகக்கோனாரோடு போரிட்டு அவரைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். அந்தக் கல் பிற்காலத்தில் மறக்கப்பட்டு, 1911ல் காலி நகரில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்தபோதுதான் கண்டெடுக்கப்பட்டது. தெனாவரைக் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588ல் கொள்ளையிட்டுத் தகர்த்துவிட்டனர்.

போர்த்துக்கேயர் காலியில் உறுதியாகக் காலூன்றியதும் அதே காலத்தில்தான். முனையின் மூன்று பக்கமும் கடலும் பாறையும் காவலாக இருந்ததால், நிலத்தை நோக்கிய வடக்குப் பக்கத்தை மட்டும் அரண்செய்தால் போதும் என்று அவர்கள் கருதினார்கள். 1640 மார்ச் மாதத்தில் வில்லெம் கோஸ்டர் தலைமையில் வந்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் துணையோடு, சில நாள் கடும் சண்டைக்குப் பின் அதைக் கைப்பற்றினார்கள். 1656ல் கொழும்பு விழும்வரை இலங்கையில் ஒல்லாந்தரின் தலைமையிடம் காலியே. அதற்குப் பிறகும் அது சிறப்புக் குன்றவில்லை. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆசியாவில் பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடுத்த துறைமுகம் என்று சொல்லத்தக்க இடத்தில் காலி இருந்தது. தென்மேற்குக் கரையில் உரித்த கறுவாப்பட்டையை ஏற்றிக்கொண்டு தாய்நாட்டுக்குத் திரும்பும் கப்பல்கள் இங்கிருந்தே நேராகப் புறப்பட்டன.

இன்று நாம் காணும் மதில் பெரும்பாலும் இந்த ஒல்லாந்தர் கட்டியது. கருங்கல்லும் முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) கலந்து கட்டிய சுவரும், 14 கொத்தளங்களும். நிலப்பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்ற மூன்று பெரிய கொத்தளங்கள் உயர்ந்து நிற்கின்றன. கடற்பக்கத்தில் பாறைகளே பாதிக் காவலைச் செய்தமையால் சுவர் தாழ்ந்திருக்கிறது. மதிலின் மேல் நடக்கும்போது பூச்சு உதிர்ந்த இடங்களில் சற்றே குனிந்து பார்த்தால், முருகைக்கல்லின் தேன்கூடு போன்ற துளைகளை விரலால் தொட்டுணரலாம். கடலிலிருந்து எடுத்ததைக் கொண்டே கடலுக்கு எதிரே சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

துறைமுகப் பக்கத்தில் இருக்கும் பழைய வாயிலை அவசரமாகக் கடந்து போய்விடக் கூடாது. உள்பக்கம், வளைவின் மேல், ஒல்லாந்துக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை இரண்டு சிங்கங்களுக்கு நடுவே 1669 என்ற ஆண்டோடு செதுக்கப்பட்டிருக்கிறது. மேலே ஒரு சேவல். அதே வாயிலின் வெளிப்பக்கம் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் பிரித்தானிய அரச இலச்சினை. 1796ல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது சண்டையே நடக்கவில்லை. வாயில் பண்டகசாலைக் கட்டிடத்தின் ஊடாகவே போகிறது. துறையில் இறங்கிய சரக்கு எதுவும் கம்பனியின் கண்ணில் படாமல் ஊருக்குள் போகாதபடி கட்டிய ஏற்பாடு அது. இப்போது அந்த நீண்ட பண்டகசாலையில் கடல்சார் தொல்பொருள் நூதனசாலை (அருங்காட்சியகம்) இயங்குகிறது.

ஒல்லாந்தரின் வேலைகளில் நான் மிகவும் வியப்பது மதிலையல்ல, நிலத்துக்கடியில் கட்டிய செங்கற் கழிவுநீர்க் கால்வாய்களையே. தெருக்களின் கீழே ஓடிய அந்தக் கால்வாய்கள் கடலில் போய்ச் சேர்ந்தன. ஏற்றத்தின்போது உள்ளே புகும் கடல்நீர், வற்றத்தின்போது அழுக்கை அள்ளிக்கொண்டு வெளியேறியது. இலங்கைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலுள்ள நீர்மட்ட வேறுபாடு ஒரு மீற்றரைக்கூட எட்டுவதில்லை. அந்தச் சிறு வேறுபாட்டை நம்பி ஒரு நகரத்தையே துப்புரவாக வைத்திருக்கவேண்டுமானால், கால்வாயின் சாய்வை எவ்வளவு நுட்பமாக அளந்து அமைத்திருக்கவேண்டும்! அதற்குத் துணையாகத் திரைட்டன் கொத்தளத்தில் ஒரு காற்றாலையை நிறுவிக் கடல்நீரை இறைத்தார்கள்.

இனிக் குறைக்கு வருவோம். காலிக் குடா பார்வைக்கு அழகானது, மாலுமிக்கு ஆபத்தானது. வாய் தெற்கே திறந்திருப்பதால் மே முதல் செப்டெம்பர் வரை வீசும் சோளகக் காற்று அலையை நேராக உள்ளே தள்ளும். அதோடு குடாவின் வாயிலிலும் உள்ளேயும் நீருக்கு மேல் தலைகாட்டாத பாறைகள் பல உண்டு. உள்ளூர் வழிகாட்டி ஏறாமல் எந்தக் கப்பலும் உள்ளே வர முயல்வதில்லை. கோட்டையின் தென்கோடியிலுள்ள கொடிப்பாறையிலிருந்து கொடியசைத்து, பாறைகள் இருக்கும் இடத்தைக் கப்பல்களுக்கு அறிவித்தார்கள்.

அப்படியிருந்தும் கலங்கள் மூழ்கின. அவற்றுள் நன்றாக ஆராயப்பட்டது அவொன்ட்ஸ்டெர் என்ற கப்பல். அது ஆங்கிலேயருடையதாகப் பிறந்து, ஒல்லாந்தரால் சிறைபிடிக்கப்பட்டு, ஆசியக் கரைகளுக்குள் சரக்கேற்றி முதுமையடைந்த கலம். 1659 ஜூலை 2 அன்று இரவு, நங்கூரமிட்டு நின்ற இடத்திலேயே நங்கூரம் நழுவிக் கரையை நோக்கி அடித்துச் செல்லப்பட்டு மணலில் தட்டி உடைந்தது. ஜூலை மாதம் என்பதைக் கவனியுங்கள். சோளகம் உச்சத்தில் இருக்கும் மாதம். கரைக்கு மிக அருகில், ஐந்து மீற்றரை எட்டாத ஆழத்தில் மணல் அதை மூடிக் காத்தது. 1990களில் தொடங்கிய கடலடி ஆய்வுகள் குடாவில் இருபதுக்கும் மேற்பட்ட தொல்லிடங்களை அடையாளம் கண்டன. அவொன்ட்ஸ்டெர் 2001இலிருந்து முறைப்படி அகழப்பட்டது. கயிறு, கப்பிகள், பீப்பாய்ப் பலகைகள், சமையற்கட்டின் செங்கல் அடுப்பு போன்ற அன்றாடப் பொருள்கள் அதில் கிடைத்தன. தங்கம் வெள்ளியைத் தேடுவோருக்கு அது ஏமாற்றமாக இருக்கலாம். மாலுமிகள் எப்படி உண்டார்கள், கயிற்றை எப்படி முறுக்கினார்கள் என்று அறிய விரும்புவோருக்கு அதைவிடப் பெரிய புதையல் இல்லை.

நீராவிக் காலம் தொடங்கியதும் காலி இரண்டாம் முறையாக உச்சத்துக்குப் போனது. 1842ல் பெனின்சுலர் அண்ட் ஓரியண்டல் நிறுவனத்தின் அஞ்சற் கப்பல்கள் சுயெஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஓடத் தொடங்கியபோது நடுவில் நிலக்கரி ஏற்றிக்கொள்ளக் காலியில் தங்கின. 1845ல் இங்கிருந்தே பினாங்கு, சிங்கப்பூர், ஹொங்கொங் தடம் பிரிந்தது. பின்னர் ஆஸ்திரேலியத் தடமும் சேர்ந்தது. பயணிகள் ஒரு கப்பலிலிருந்து இறங்கி மற்றொன்றுக்குக் காத்திருக்கும் சந்திப்பாகக் காலி மாறியது. ஐரோப்பாவின் செய்தி இலங்கைக்கு முதலில் வந்து சேர்ந்த இடமும் இதுவே. கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை 1850 முதல் இங்கே புறாக்களை வைத்திருந்தது. அஞ்சற் கப்பல் வந்ததும் முக்கியச் செய்திகளை மெல்லிய தாளில் எழுதிப் புறாவின் காலில் கட்டிப் பறக்கவிடுவார்கள். ஏறத்தாழ 115 கிலோமீற்றர் கடந்து அது கொழும்பை அடையும். 1858ல் காலிக்கும் கொழும்புக்கும் தந்திக் கம்பி இழுத்தபின் புறாக்களுக்கு வேலையில்லாமல் போயிற்று.

இந்த உச்சத்திலேயே வீழ்ச்சியின் காரணங்களும் கூடிக்கொண்டிருந்தன. மலைநாட்டில் பெருகிய கோப்பித் தோட்டங்களின் விளைச்சல் இறங்கும் இயல்பான துறை கொழும்பு. 1867ல் கண்டி வரை இரயில் பாதை முடிந்ததும் அது மாற்றமுடியாத உண்மையாயிற்று. 1869 நவம்பரில் சுயெஸ் கால்வாய் திறந்தது. கிழக்கே வரும் கப்பல்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் பெருகின. பாறைகளுக்கு நடுவே வழிகாட்டியின் துணையோடு நுழையவேண்டிய காலிக் குடா அவற்றுக்கு இடுக்கமானது. கொழும்பும் பாதுகாப்பான துறைமுகம் அன்று. சொல்லப்போனால் அது காலியைவிடத் திறந்த கடற்கரை. ஆனால் கொழும்பில் கடலில் சுவர் எழுப்பினால் போதும். காலியில் பாறைகளை வெடிவைத்து அகற்றவும் வேண்டும், சுவரும் எழுப்பவேண்டும். எங்கே செலவிடுவது என்று நெடுநாள் வாதம் நடந்தது. காலிக்காகப் பேச வணிகர்கள் இருந்தார்கள். கொழும்புக்காகப் பேச அரசாங்கமும் தோட்டக்காரர்களும் இரயிலும் இருந்தன. பொறியியலாளர் ஜோன் கூட் வரைந்த திட்டப்படி, 1875 டிசம்பரில் கொழும்புத் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1880களின் தொடக்கத்தில் அஞ்சற் கப்பல்கள் கொழும்புக்கு மாறின. 1885ல் சுவர் முடிந்தது. காலிக்கு இரயில் வந்து சேர்ந்தது 1894ல். கப்பல்கள் போய்ப் பத்தாண்டுக்குமேல் ஆகிவிட்டிருந்தது.

கோட்டை பிழைத்த கதை இங்கேதான் வருகிறது. கொழும்பு வளரத் தொடங்கியதும் அங்கே ஒல்லாந்தர் கட்டிய மதில் இடைஞ்சலாயிற்று. 1869க்கும் 1871க்கும் இடையில் அதை இடித்து அகற்றி, அந்த நிலத்தில் அலுவலகங்களையும் தெருக்களையும் அமைத்தார்கள். அதனால்தான் கொழும்பில் கோட்டை என்பது ஓர் இரயில் நிலையத்தின் பெயராகவும் ஒரு வட்டாரத்தின் பெயராகவும் மட்டும் எஞ்சியிருக்கிறது. காலியின் வணிகம் அதே வேகத்தில் வளர்ந்திருந்தால் அதே கதிதான் நேர்ந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1873ல் சூரியன், சந்திரன் கொத்தளங்களுக்கு நடுவே மதிலைத் துளைத்துப் புதிய வாயில் அமைத்ததே அந்த வளர்ச்சியின் தொடக்கம். அதற்கு மேல் அது நகரவில்லை. மதிலை இடிக்கும் செலவுக்குக் காரணம் சொல்ல அங்கே வணிகம் எஞ்சியிருக்கவில்லை. புதிய ஊர் மதிலுக்கு வெளியே வளர்ந்தது. உள்ளே நீதிமன்றமும் பள்ளிவாசலும் தேவாலயமும் குடியிருப்புகளும் பழைய தெருக்களிலேயே தொடர்ந்தன. 1755ல் கட்டி முடித்த ஒல்லாந்துத் தேவாலயம், 1883ல் மருத்துவர் பி. டி. அந்தோனிஸின் சேவையைப் போற்றி ஊர்மக்கள் எழுப்பிய மணிக்கூட்டுக் கோபுரம், 1904ல் கட்டிய மீரான் பள்ளிவாசல், 1939ல் எழுப்பிய வெளிச்சவீடு ஆகியவை ஒன்றையொன்று அழிக்காமல் நிற்பதற்குக் காரணம் திட்டமிட்ட பாதுகாப்பு அன்று. இடத்துக்குப் போட்டியில்லாமல் போனதே காரணம். திட்டமிட்ட பாதுகாப்பு பின்னரே வந்தது; 1988ல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, மதிலுக்கு வெளியேயிருந்த பேருந்து நிலையமும் கடைத்தெருவும் கிரிக்கெட் மைதானமும் நீரில் சிதைந்தன. பெருந்தொகையான உயிர்கள் போயின. மதிலுக்குள் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தப்பினார்கள். குடாவின் கரையிலிருந்த கடலடித் தொல்லியலாளர்களின் பணிமனையும், அவொன்ட்ஸ்டெரிலிருந்து எடுத்துப் பதப்படுத்திக்கொண்டிருந்த பொருள்களில் ஒரு பகுதியும் அன்று அழிந்தன. முந்நூற்றைம்பது ஆண்டு மணலுக்கடியில் பிழைத்த பொருள்களை மேலே கொண்டுவந்த சில ஆண்டுகளுக்குள் கடல் மீண்டும் எடுத்துக்கொண்டது பெரிய இழப்பு.

இன்று கோட்டைக்கு அச்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சுவர்களையும் கூரைகளையும் சட்டம் காக்கிறது. குடியிருப்போரைக் காக்க அதனால் முடியவில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் உள்முற்றமும் தூண்வைத்த திண்ணையும் கொண்ட வீடுகள் பல வெளிநாட்டவர் கைக்கும் விடுதிக்காரர் கைக்கும் மாறிவிட்டன. விலை ஏறியதும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம், சிங்கள, பறங்கி (ஐரோப்பிய வழிவந்த) குடும்பங்களில் பல வீட்டை விற்று வெளியேறின. விற்றவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைகளும் மாலையில் மதில்மேல் வந்து உட்காரும் குடும்பங்களும் இருப்பதால்தான் காலி காட்சிப்பொருளாகாமல் ஊராக இருக்கிறது. அவர்கள் போய்விட்டால் மதில் இருந்து பயனில்லை.

ஒரு நாள் போதுமா என்ற கேள்விக்கு: கொழும்பிலிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் காலையில் போய் இரவில் திரும்ப முடியும், ஆனால் ஓர் இரவு தங்குவதே என் பரிந்துரை. நண்பகல் வெயிலில் மதில்மேல் நடப்பது கடினம். காலை ஏழு மணிக்கு முன்போ மாலை நான்குக்குப் பின்போ நடந்தால் ஒன்றரை மணி நேரத்தில் நிதானமாகச் சுற்றிவரலாம். போகும்போது கடலோர இரயிலில் போங்கள். கொழும்பிலிருந்து தெற்கே நீளும் பாதையில் பல இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே சில அடிகளே இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும், கூட்டமும் அப்போதுதான். துறைமுகத்தின் இயல்பை அறியவேண்டும் என்று விரும்புபவர்கள் சோளகக் காலத்தில் கொடிப்பாறைக்குப் போகலாம். கரையிலிருந்து விலகி, வெறும் நீர்ப்பரப்பு என்று நினைத்த இடங்களில் அலை வெள்ளையாக உடைவதைக் கண்டு, பாறைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிவிடலாம். அந்தப் பாறையிலிருந்து இளைஞர்கள் காசுக்காகக் கடலில் குதித்துக் காட்டுவார்கள்; அவர்களைப் பார்த்து யாரும் முயலவேண்டாம். கிரிக்கெட் விரும்பிகளுக்கு, 2010 ஜூலையில் முரளிதரன் இந்தியாவுக்கு எதிராகத் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்த மைதானம் மதிலின்மேலிருந்தே தெளிவாகத் தெரியும்.

துறைமுகம் இன்னும் இயங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறிய சரக்குக் கப்பல்களும், உலகைச் சுற்றும் பாய்ப்படகுகளும் வருகின்றன. பண்டகசாலை நூதனசாலைக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். செங் ஹேயின் மூலக் கல்லை மட்டும் காலியில் தேடவேண்டாம். அது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. காலிக்குப் புறப்படுவதற்கு முந்தைய நாளே அங்கே போய், கல்லின் முகத்தில் மூன்று எழுத்துகளும் எப்படி இடம் பிரித்துக்கொண்டிருக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், கோட்டைக்கு முந்தைய காலியையும் மனத்தில் வைத்துக்கொண்டு மதில்மேல் நடக்கலாம்.